வின்டேஜ், கிளாசிக்: மூதுந்தும் செவ்வியல் மகிழுந்தும்

பினாங்கின் புக்கிட் மெர்தாஜாம், பாலிக் பூலாவ் போன்ற ஊர்களில் பழைய கார்களைத் திடலில் வரிசையாக நிறுத்தி மக்கள் பார்வைக்கு வைத்தால், பதாகையில் ‘வின்டேஜ்’ என்றும் ‘கிளாசிக்’ என்றும் எழுதியிருக்கும். மலாயில் ‘கெரெத்தா அந்திக்’ என்றும் இருக்கும். தமிழில் எழுத உட்காரும்போது மட்டும் மூன்றையும் ‘பழங்கால கார்கள்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். இந்தச் சொற்களுக்கு வேறு வேறு பிறப்பும் வேறு வேறு பொருளும் உண்டு. அவற்றைப் பிரித்துச் சொல்லத் தமிழிலும் வழி இருக்கிறது.

வின்டேஜ் என்ற சொல் திராட்சைத் தோட்டத்தில் பிறந்தது. லத்தீனில் ‘வீனும்’ என்றால் திராட்சை மது, ‘தேமெரே’ என்றால் எடுத்தல். இரண்டும் சேர்ந்த ‘விந்தேமியா’ திராட்சை அறுவடையைக் குறித்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், மது வணிகரைக் குறிக்கும் ‘வின்ட்னர்’ என்ற சொல்லின் சாயல் ஏறி இன்றைய வடிவத்தை அடைந்தது. முதலில் அறுவடை என்றும், பிறகு குறிப்பிட்ட ஓர் ஆண்டின் அறுவடையில் கிடைத்த மது என்றும், அதன் பின் ‘இன்ன காலத்தில் உருவானது’ என்றும் பொருள் விரிந்தது. பழைய அரிசியைத் தேடி வாங்குபவர் எந்தப் போகத்து நெல் என்று கேட்பதைப் போன்றது இது. வெறும் பழமையைவிட, எந்த ஆண்டு என்ற கேள்விதான் இச்சொல்லின் உயிர்.

கார்களுக்கு இச்சொல்லை நிலைபெறச் செய்தவர்கள் பிரிட்டிஷ் ஆர்வலர்கள். 1934இல் அங்கே வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் தொடங்கப்பட்டது. குறைந்தது ஐந்து வயதான கார்களுக்கு இடம் என்பதுதான் தொடக்க நோக்கம். 1930க்குப் பிறகு வந்த கார்களில் பழைய கைத்திறனும் உறுதியும் குறைந்துவிட்டன என்று அவர்கள் கருதினார்கள். அதனால் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவையே வின்டேஜ் என்ற எல்லை உருவானது. அதற்கு முந்தியவை ‘வெட்டரன்’ என்ற பிரிவில் வரும். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நடக்கும் புகழ்பெற்ற ஓட்டத்தில் 1905க்கு முன் செய்யப்பட்ட கார்களுக்குத்தான் இடம்.

இந்தக் கணக்கில் பார்த்தால், பினாங்கில் நம் கண்ணில் படும் பெரும்பாலான பழைய கார்கள் வின்டேஜ் அல்ல. மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்ளுங்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் வெளியானது 1948இல். வின்டேஜ் காலம் முடிந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் வயதை அறிய விரும்பினால் முன்கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் கம்பி ஓடி இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்திய வடிவம். வளைந்த ஒரே கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தியது. பிறகு கதவுக்குப் பின்னால் உள்ள தூணைப் பாருங்கள். அதில் ஒரு மெல்லிய பள்ளம் இருந்தால், உள்ளே திருப்பம் காட்டும் கை படுத்திருக்கிறது என்று பொருள். விசையைத் திருப்பியதும் ஆரஞ்சு நிறக் கை வெளியே நீண்டு நிற்கும். உள்ளே சின்ன விளக்கு எரியும். 1961இல் மின்னும் விளக்குகள் அந்தக் கையின் இடத்தைப் பிடித்தன. அதை இயக்கிக் காட்டச் சொல்லி ஒருமுறையாவது பாருங்கள். இத்தனை அழகான காரை ‘வின்டேஜ்’ என்ற பொருந்தாத பெயரால் உயர்த்திப் பேசவேண்டிய தேவையே இல்லை. அதற்குரிய பெயர் கிளாசிக்.

கிளாசிக் ரோமிலிருந்து வந்த சொல். ரோமானியர்கள் தம் குடிமக்களைச் சொத்தின் அடிப்படையில் வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். வகுப்புக்கு ‘கிளாசிஸ்’ என்று பெயர். அவற்றுள் முதல் வகுப்பைச் சேர்ந்தவர் ‘கிளாசிகுஸ்’. பிறகு அது முதல் தரமான எழுத்தாளரைச் சுட்டியது. தரமும் மதிப்பும்தான் இதில் அடிப்படை. வயதைப் பற்றி ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த காரையே ‘அந்திக்’ என்று ஏற்கும் சங்கம் உண்டு. 1966இல் தோன்றிய ஃபீவா என்ற, பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு குறைந்தது 30 ஆண்டு கேட்கிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். பழமையைக் குறிக்க நம்மிடம் மூன்று அடைகள் இருக்கின்றன: தொல், முது, பழ. தொல்லியல், தொல்லுயிர் என்னும்போது மனம் நெடுந்தொலைவு பின்னே போகிறது. பழந்தமிழ், பழம்பாடல் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் பழந்துணி, பழஞ்சோறு என்றும் அதே அடை வருகிறது. பொருளுக்குப் பொருள் மதிப்பு மாறிவிடும். ‘முது’வில் அந்தத் தடுமாற்றம் குறைவு. மூதூர், மூதாதை, மூதாட்டி என்ற சொற்களில் வயதோடு மரியாதையும் கூடவே வருகிறது.

பேருந்து, மகிழுந்து ஆகியவற்றில் உள்ள ‘உந்து’ என்பதை ‘முது’வோடு சேர்த்தால் மூதுந்து கிடைக்கும். முதுமை, ஊர் இரண்டும் சேர்ந்து மூதூர் ஆகும் அதே விதிதான்: ஈற்றில் உள்ள ‘மை’ கெட்டு, முதலெழுத்து நீள்கிறது. பள்ளியில் ஆதிநீடல் என்று படித்தோமே, அது. நாவில் எளிதாகப் புரளும் இந்தச் சொல்லை வின்டேஜுக்கு உரியதாக்கலாம் என்பது என் துணிபு. வெட்டரன் காருக்குத் தொல்லுந்து என்பது பொருந்தும்.

கிளாசிக்குக்கு, இலக்கியத்தில் ஏற்கெனவே வேரூன்றிய ‘செவ்வியல்’ இருக்கிறது. சுருக்கமாகச் செவ்வுந்து என்று சொல்ல ஆசை வரும். அதை நான் ஏற்கமாட்டேன். செம்மை என்பது சிறப்பையும் சிவப்பையும் ஒருசேரக் குறிக்கும். படிப்பவர் சிவப்பு நிறக் கார் என்று எடுத்துக்கொள்வார். செவ்வியல் மகிழுந்து என்றோ, செவ்வியல் கார் என்றோ முழுமையாகவே எழுதுவது நல்லது. கார் என்ற சொல்லை விரட்டவேண்டியதில்லை. மலேசியத் தமிழர் பேச்சில் வடநாட்டுக் ‘காடி’யும் உண்டு, மலாய்க்காரர்களின் ‘கெரெத்தா’ போர்த்துகீசியர் விட்டுச்சென்ற வண்டிச் சொல். பல மொழிகளும் வண்டிக்குப் பெயரை எங்கிருந்தோ வாங்கியிருக்கின்றன.

மேலைநாட்டு வழக்கைப் பார்த்து ‘கோடைக் கார் கண்காட்சி’ என்று எழுதினால், அது மட்டும் நமக்கு ஒட்டாது. பிரிட்டனிலும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் பனி உருகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்புப் பட்டால் அடிச்சட்டம் துருப்பிடிக்கும். அதனால் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் இருந்த கார்கள் கோடையில் வெளியே வருகின்றன. பினாங்கில் ஆண்டு முழுவதும் வெயில்தான், மழையும்தான். இங்கே உப்பு கடற்காற்றில் வருகிறது. ஆகவே பழைய கார் கண்காட்சி என்றாலே போதும்.

புரோட்டோன் சாகாவை எதில் சேர்ப்பது என்ற கேள்வி இனி அடிக்கடி எழும். 1985 ஜூலையில் அது வெளியானது. தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் சாகா கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஃபீவா கேட்கும் 30 ஆண்டை அந்த முதல் சாகாக்கள் 2015இலேயே தாண்டிவிட்டன. அதை மூதுந்து என்று சொல்லமுடியாது. காலம் இடம் தராது. மலேசியாவின் முதல் தேசியக் கார் என்ற தகுதியைக் கொண்டு அதைச் செவ்வியல் மகிழுந்து என்று தயங்காமல் எழுதலாம்.