"இருபதாப் போட்டு விடுங்க" என்று கேட்காதீர்கள்

பெங்களூரு அல்சூர் பக்கம் கார்களுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். "அண்ணே, ஃபியூஸ் அடிக்கடி போகுது, கொஞ்சம் பெரிசா, இருபது ஆம்பியராப் போட்டு விடுங்க" என்று கேட்காத வாரம் கிடையாது.

ஃபியூஸ் இருப்பது ஹாரனையோ விளக்கையோ காப்பாற்ற அல்ல, அவற்றுக்குப் போகும் ஒயரைக் காப்பாற்ற. 15 ஆம்பியருக்கு இழுத்த ஒயரில் 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் உருகாமல் ஒயர் உருகும். அதுவும் டேஷ்போர்டுக்குள்ளே, சுற்றிலும் பிளாஸ்டிக். சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டி வருபவர்களும் உண்டு. அதற்கு ஃபியூஸே இல்லாமல் ஓட்டலாம், வித்தியாசம் ஒன்றும் இல்லை!

ஹெட்லைட்டைப் பாருங்கள். கம்பெனி பல்பு லோ பீமில் (தாழ்ந்த வெளிச்சத்தில்) 55 வாட். 12 வோல்ட்டில் இரண்டு பல்பும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். ஜே.சி. ரோடு கடைகளில் 100 வாட் பல்பு வாங்கி மாட்டினால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். இரண்டுக்கும் ஒரே 15 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள வண்டியில் அது போகத்தானே செய்யும்? குற்றம் பல்பின் மேல். எதிரே வருபவர் கண் கூசுவது தனிக் கதை.

ஃபியூஸ் மாற்றுவது சுலபம். ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே ஒன்று, பேட்டரி பக்கத்தில் ஒன்று இருக்கும். எது எதற்கு என்று மூடியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். சாவியை அணைத்துவிட்டு, பெட்டியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் இடுக்கியால் நேராக இழுங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் போய்விட்டது என்று அர்த்தம். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அதே நிறத்தில், அதே எண்ணில் போடுங்கள்.

போட்டதும் மறுபடி போனால் அங்கேயே நிறுத்துங்கள், மூன்றாவதைச் செருக வேண்டாம். சார்ஜர் செருகும் சாக்கெட் என்றால் முதலில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், சில்லறைக் காசு விழுந்து கிடக்கும். மற்றபடி ஒயர் எங்கோ உரசுகிறது, எலக்ட்ரீசியனிடம் போங்கள். ஏர்பேக் ஃபியூஸையும், போல்ட் போட்டு முடுக்கிய பெரிய ஃபியூஸையும் நீங்களாகத் தொட வேண்டாம்.

உபரிக்கு வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே ஆம்பியரில் மினி, சாதாரணம் என்று அளவு மாறும், தப்பாக வாங்கினால் பெட்டியில் உட்காராது.