டெபியன் 12-க்கு மாறியவர்கள் இந்த ஒரு வரியைப் பாருங்கள்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் 11-ஆம் பதிப்பிலிருந்து 12-க்கு ஏற்றிய சர்வர் எதுவாக இருந்தாலும் நான் முதலில் திறந்து பார்ப்பது, மென்பொருள்களை எந்தெந்தப் பிரிவுகளிலிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத்தான். அதில் ‘மெயின் கான்ட்ரிப் நான்-ஃப்ரீ’ என்ற பிரிவுப் பெயர்களோடு வரி முடிந்திருந்தால் சிக்கல் (நான்-ஃப்ரீ என்பது கட்டற்றதல்லாத மென்பொருள்களின் பிரிவு). சர்வர் ஒழுங்காகவே ஓடும், பிழைச்செய்தி எதுவும் வராது. ஆனால் இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கான மைக்ரோகோட் (செயலிக்குள் ஏற்றப்படும் திருத்த நிரல்) பழைய பதிப்பிலேயே நின்றுபோயிருக்கும். அந்தத் தொகுப்புகள் 12-இல் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பிரிவுக்குப் போய்விட்டன (ஃபர்ம்வேர் என்பது வன்பொருளுக்குள் ஓடும் நிரல்). தொகுப்புகளை நிறுவும் கருவியான ஆப்ட் இதைக் குறிப்பாகச் சொல்லத்தான் செய்கிறது. ஓடும் திரையில் அதை யார் படிக்கிறார்கள்? செயலிகளில் இருந்த ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்பு ஓட்டைகள் 2018-இல் வெளிவந்த பிறகு மைக்ரோகோட் என்பது பாதுகாப்பு விஷயம்.

இந்தப் பிரிவு பிறந்ததற்குப் பின்னால் ஒரு கொள்கைச் சண்டை உண்டு. டெபியன் முழுக்கக் கட்டற்றதாகவே (மூல நிரல் திறந்து, யாரும் மாற்றிக்கொள்ளக்கூடியதாக) இருக்கும் என்பது 1997-இன் சமூக ஒப்பந்தம். அதன்படி 2011-இல் வந்த டெபியன் 6, மூல நிரல் இல்லாத ஃபர்ம்வேரை இயங்குதளத்தின் மையமான கெர்னலிலிருந்து வெளியேற்றியது. காகிதத்தில் சுத்தம். நடைமுறையில், வைஃபை மட்டுமே உள்ள மடிக்கணினியில் நிறுவல் பாதியில் நிற்கும். ஒலிச் சில்லுக்கு ஃபர்ம்வேர் தேவைப்பட்டால், நிறுவியின் குரலை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கு அது தொடங்கக்கூட இல்லை. ஃபர்ம்வேர் சேர்த்த ‘அதிகாரப்பூர்வமற்ற’ வட்டுப் படிமம் ஒன்றும் இருந்தது. அதையும் டெபியன்காரர்களே தயாரித்தார்கள்! தேடத் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் புழக்கடைக் கதவு அது.

2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே ஃபர்ம்வேரைச் சேர்க்க வழிசெய்து ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். அடிப்படை ஆவணத்தைத் தொட மூன்றுக்கு ஒன்று பெரும்பான்மை வேண்டும், கிடைத்தது. இனி வன்பொருள் நிறுவனங்கள் மூல நிரலைத் திறக்கவே மாட்டா என்று எதிர்த்தவர்களின் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் முடிவு சரி என்பேன். முன்பு ஒரே ஒரு வைஃபை ஃபர்ம்வேருக்காக நான்-ஃப்ரீ முழுவதையும் திறந்துவிட வேண்டியிருந்தது. இப்போது ஃபர்ம்வேர் பிரிவை மட்டும் சேர்த்தால் போதும். அதுவும் வேண்டாதவர் நிறுவியில் ‘ஃபர்ம்வேர்=நெவர்’ என்று கொடுத்துவிடலாம்.

ஆகவே அந்த வரியில் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ சேருங்கள். நான்-ஃப்ரீ பகுதியை நீக்கும் முன் என்விடியா இயக்கி போன்றவை அதிலிருந்து வருகின்றனவா என்று பாருங்கள். புது மைக்ரோகோட் கணினி துவங்கும்போதுதான் ஏறும். மறுதொடக்கத்துக்கும் நேரம் கேட்டு வையுங்கள்.