பூட், பூட்டு, மூட்டு: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு தமிழ்ல என்ன சொல்றது?

செவ்வாய்பேட்டைல எங்க பெரியப்பா வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருக்காரு. அங்க பில் போடுற கம்ப்யூட்டர்ல கொஞ்ச நாளா ஒரு தொல்லை, காலைல வந்து ஆன் பண்ணா பில் பிரிண்டர் இருக்கறதே அதுக்கு தெரியாது, வயரை புடுங்கி மாட்டினா சில நாள் வரும் சில நாள் வராது. நான் போன்ல "பூட் ஆகறப்ப ஸ்கிரீன்ல எதாவது எழுதி வருதுங்களா பெரியப்பா"ன்னு கேட்டேன். "பூட்டறதா? தெனமும் நைட்டு நல்லா பூட்டிட்டுதானப்பா வர்றோம்"னாரு. அவரு கடைக்கதவை சொல்றாருன்னு எனக்கு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு.

அன்னிலேர்ந்து இந்த வார்த்தை மண்டைல ஓடிட்டே இருக்கு. பூட்னு இங்கிலீஷ்ல சொன்னா கம்ப்யூட்டர் முழிக்குது, பூட்டுன்னு தமிழ்ல சொன்னா கதவு சாத்துது, ரெண்டும் நேர் எதிர். பிரிண்டர் தொல்லைக்கு காரணம் விண்டோஸ்ல இருக்கற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ங்கற வசதி, அதுக்கு பேரு வைக்கறதுக்கு முன்னாடி பூட்டுக்கே ஒரு பேரு வேணும்.

பூட் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா நம்ம கால்ல போடற பூட்ஸ்தான். உயரமான தோல் பூட்ஸை இழுத்து மாட்டறதுக்கு மேல்பக்கம் ஒரு வார் வளையம் இருக்கும், அதுக்கு பூட்ஸ்ட்ராப்னு பேரு. தன் பூட்ஸ் வாரை தானே புடிச்சு தன்னையே தூக்கிக்கறதுன்னு 1800கள்ல அமெரிக்காவுல ஒரு பேச்சு இருந்துச்சு, நடக்கவே நடக்காத காரியத்துக்கு அப்படி சொன்னாங்க, அப்பறம் காலம் போகப்போக யார் தயவும் இல்லாம சொந்தமா மேல வர்றதுன்னு அர்த்தம் மாறிப்போச்சு. 1950கள்ல கம்ப்யூட்டர்காரங்களுக்கு இதே சிக்கல்தான்: மெஷினுக்குள்ள ஒரு புரோகிராமை ஏத்தணும்னா அதை ஏத்தறதுக்கே ஒரு புரோகிராம் வேணும், அந்த மொத புரோகிராமை யாரு ஏத்துவா? அதனால ரொம்ப சின்னதா நாலஞ்சு கட்டளையை மட்டும் எப்படியாவது உள்ள நுழைச்சுடுவாங்க, சில மெஷின்ல முன்பக்கத்துல இருக்கற சுவிட்ச்சை ஒவ்வொண்ணா மேலயும் கீழயும் தட்டியே நுழைச்சாங்க, அது தன்னை விட பெருசான ஒண்ணை இழுத்துட்டு வரும், அது இன்னும் பெருசை. இதுக்கு பூட்ஸ்ட்ராப்னு பேரு வச்சு, அது சுருங்கி பூட் ஆச்சு.

தமிழ்ல இப்ப என்ன புழங்குதுன்னா தொடக்கம், துவக்கம், தொடங்குதல். பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்துல அணைஞ்சு கெடக்கற மெஷினை ஆன் பண்ற கோல்டு பூட்டிங்குக்கு தண் தொடக்கம்னும், ஓடிட்டு இருக்கறதை ரீஸ்டார்ட் பண்ற வார்ம் பூட்டிங்குக்கு உடன் தொடக்கம்னும் போட்டிருக்காங்க, இதுல தண் தொடக்கம் எனக்கு ரொம்ப புடிச்ச சொல்லு. துவக்குன்னு மட்டும் தனியா போட்டா ஈழத்துக்காரங்க துப்பாக்கின்னு படிப்பாங்க, அங்க துப்பாக்கிக்கே துவக்குன்னுதான் பேரு. தொடக்கம்ங்கறதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா கூட்டமும் தொடங்குது மழையும் தொடங்குது பரீட்சையும் தொடங்குது, சின்னதுலேர்ந்து பெருசு கெளம்பற அந்த விஷயம் அதுல எங்கயுமே இல்ல.

பெரியப்பா சொன்ன பூட்டையே வச்சுக்கலாமான்னும் யோசிச்சேன். வண்டி பூட்டு, ஏர் பூட்டுன்னு சொல்றோமே, அங்க பூட்டுன்னா சாத்தறது இல்ல, மாட்டை நுகத்தடில கட்டி கெளப்பறது, சித்திரைல பொன்னேர் பூட்டறதுன்னா அந்த வருஷத்து உழவுக்கே அதுதான் ஆரம்பம். ஓசையும் ஒத்துப்போகுது அர்த்தமும் ஒத்துப்போகுது, அவ்வளவு அழகு. ஆனா இன்னிக்கு டவுன்ல பூட்டுன்னா எல்லாருக்கும் சாவிதான் ஞாபகம் வரும், அதனால மனசில்லாமதான் விட்டேன்.

அதுல ஒரு எழுத்தை மாத்துங்க, மூட்டு. அடுப்பு மூட்டறது. எனக்கு சரியா படற சொல்லு இதுதான்.

நாகலூர்ல எங்க அம்மாயி வீட்டு அடுப்பை பாத்தவங்களுக்கு இது உடனே புரியும். ஏற்காட்டு மார்கழி ஈரத்துல பெரிய வெறகுகிட்ட நேரா தீக்குச்சியை காட்டினா புடிக்கவே புடிக்காது. மொதல்ல தேங்காநாரு, அது சுள்ளியை புடிக்க வைக்கும், சுள்ளி வெறகை புடிக்க வைக்கும். கம்ப்யூட்டர்லயும் மதர்போர்டுல ஒரு சின்ன சிப்புல எப்பவும் அழியாம இருக்கற புரோகிராம் மொதல்ல எந்திரிக்குது, அது டிஸ்க்ல இருக்கற பூட்லோடரை எழுப்புது, பூட்லோடர் விண்டோஸோட மையப் புரோகிராமான கெர்னலை எழுப்புது, கெர்னல் மத்த எல்லாத்தையும். சிப்புக்குள்ள தூங்கற அந்த மொத தீக்கும் நம்மகிட்ட பழைய சொல்லு இருக்கு, ஞெலிகோல், தீக்கடையற கோல். புறநானூறு 315வது பாட்டுல ஔவையார் நம்ம பக்கத்து தகடூர் அதியமானை சொல்றப்ப, வீட்டு எறவாணத்துல செருகி வச்ச ஞெலிகோல் மாதிரி இருக்கறதே தெரியாம இருப்பான், வெளிப்பட்டான்னா அதுலேர்ந்து கெளம்பற பெருந்தீ மாதிரி வருவான்னு சொல்றாங்க. மதர்போர்டு சிப்பை இதைவிட யாரும் சரியா சொல்லிட முடியாதுன்னு எனக்கு தோணுது. ஷட் டவுனுக்கு அணைன்னு ஏற்கனவே எல்லாரும் சொல்றோம், "கம்ப்யூட்டரை அணைச்சியா"ன்னு, அணைக்கு ஜோடி மூட்டுதானே. மூட்டு வலி ஞாபகம் வருமேன்னு கேப்பீங்க, "கம்ப்யூட்டரை மூட்டு"ன்னா யாரும் முழங்காலை பாக்கமாட்டாங்க.

இப்ப ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு வருவோம், 2012ல விண்டோஸ் 8 கூட வந்தது. நேரா மாத்தினா விரைவுத் தொடக்கம். ஆனா இந்த பேரு பாதியை மறைச்சுடுது, ஏன்னா வேகம் காலைல வர்றது இல்ல, முந்தின நாள் ராத்திரியே முடிவாயிடுது. நீங்க ஷட் டவுன் கொடுத்தா தெறந்திருக்கற புரோகிராம் எல்லாம் மூடி உங்க கணக்கு வெளிய வந்துடும், ஆனா கெர்னலும், பிரிண்டர் மாதிரி சாமானை ஓட்டற டிரைவர் புரோகிராமுங்களும் இருந்த நெலைமையை அப்படியே ஒரு ஃபைலா டிஸ்க்ல எழுதி வச்சுட்டு கரண்டு நிக்கும். காலைல கெர்னலை புதுசா மூட்டறது இல்ல, அந்த ஃபைலை திரும்ப மெமரில ஊத்தறாங்க, அவ்வளவுதான். அம்மாயி ராத்திரி கங்கு மேல சாம்பலை போட்டு மூடி வச்சுட்டு விடியக்காலைல கெளறி ஊதாங்குழல்ல ஊதுவாங்களே, அதேதான். நீறு பூத்த நெருப்பு. நான் பேரு வைக்கறதா இருந்தா நீறுமூட்டுன்னு வைப்பேன், படிக்கறவங்களுக்கு ராத்திரி நெருப்பு முழுசா அணையலைங்கற சேதியும் சேந்தே போயிடும்.

இதே மாதிரி, ஆனா தெறந்திருக்கற புரோகிராமையும் சேத்தே டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அணையறது ஹைபர்னேட். அதுக்கு குளிர்கால உறக்கம்னு சில பேர் எழுதறாங்க, லத்தீன்ல அது குளிர்காலத்தை குறிக்கற சொல்லுலேர்ந்து வந்ததுதான், ஆனா ஏற்காட்டு குளிர்லயே கூட நம்ம மிருகம் எதுவும் மாசக்கணக்கா தூங்கறது இல்லையே. ஸ்ரீரங்கத்து பெருமாளுக்கு சொல்ற அறிதுயில் எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க, எதையும் மறக்காத தூக்கம்.

நீங்க நேர்லயே பாக்கலாம். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போய் சிபியுவை தொட்டா கீழ அப் டைம்னு இருக்கும், கடைசியா புதுசா மூட்டி எவ்வளவு நேரமாச்சுங்கற கணக்கு. தெனமும் நைட்டு ஷட் டவுன் பண்ற பெரியப்பா கம்ப்யூட்டர்ல அது 27 நாள்னு காட்டிச்சு. 27 நாளா ஒரே கங்கு. என்னிக்கோ ஒரு நாள் பிரிண்டர் டிரைவர் கோணலா போயிருக்கு, அந்த கோணலையும் சேத்தே தெனமும் மூடி வச்சு தெனமும் ஊதிருக்கு. ரீஸ்டார்ட் கொடுத்தோம், பிரிண்டர் வந்துடுச்சு. ரீஸ்டார்ட்ல மட்டும் இந்த மூடி வைக்கற வேலை கெடையாது, சாம்பலை வழிச்சுட்டு புதுசா மூட்டும். ஷிஃப்ட்டை புடிச்சுட்டு ஷட் டவுன் அமுத்தினாலும் அன்னிக்கு முழுசா அணையும்.

அப்ப ஆஃப் பண்ணிடலாமான்னா, எஸ்எஸ்டி, அதாவது சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க் இருக்கற மெஷின்னா ஆஃப் பண்ணுங்க, மிச்சமாகறது சில நொடிதான். அதே மெஷின்ல விண்டோஸோட உபுண்டுங்கற லினக்ஸ் சிஸ்டமும் வச்சிருந்தா யோசிக்கவே வேணாம், விண்டோஸ் முழுசா அணையாததால அதோட டிரைவ்ல உபுண்டு எழுத மறுக்கும், கட்டாயப்படுத்தி எழுதினா ஃபைல் கெட்டுப்போகும். யூஎஸ்பி சாமான் காலைல அடிக்கடி காணாம போனாலும் ஆஃப்தான். பழைய ஹார்டு டிஸ்க், வேற தொல்லை ஒண்ணும் இல்லைன்னா அப்படியே விட்டுட்டு வாரத்துக்கு ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணா போதும், அதுல இருக்கறவங்களுக்குதான் உண்மையிலயே நேரம் மிச்சமாகுது. ஆஃப் பண்ண கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், அங்க பவர் பட்டன் என்ன செய்யணும்னு கேக்கற பக்கம், அதுல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு நேரா இருக்கற டிக் மங்கலா இருந்தா மேல இருக்கற சேஞ்ச் செட்டிங்ஸ் வரியை அமுத்திட்டு எடுங்க.

பயாஸ்ல, அதான் மதர்போர்டு சிப்புல இருக்கற அந்த மொத புரோகிராம்ல, இருக்கற ஃபாஸ்ட் பூட் வேற, ரெண்டையும் நெறைய பேர் குழப்பிக்கறாங்க. அது கங்கை மூடி வைக்கறது இல்ல, மூட்டறதுக்கு முன்னாடி மெமரி, யூஎஸ்பின்னு பாக்கற சோதனைல சிலதை தாண்டிடறது, அதனாலதான் பயாஸ் செட்டிங்ஸ்க்குள்ள போக எஃப்2 அமுத்தறதுக்குள்ள பறந்துடுது. இதுக்கு விரைவு மூட்டுன்னே சொல்லலாம், இங்க விரைவுங்கறது நெசம்.

பட்டறைல டிக்கை எடுத்துட்டோம். பழைய டிஸ்க்குதான், காலைல கொஞ்சம் கூட நேரமாகுது. அது ஆகட்டும்பா, பில்லு வருதுல்லன்னாரு பெரியப்பா.