டாங்க்: குளமா, தொட்டியா, தாங்கியா?

உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி என்று மட்டக்களப்பு மாவட்டத்தின் நீர்ப்பாசனக் குளங்களை ஆங்கிலத்தில் எழுத நேரும்போதெல்லாம், அவற்றின் பெயருக்குப் பின்னால் ‘டாங்க்’ என்ற ஒரே சொல் வந்து நிற்கிறது. அம்பாறை மாவட்டத்தின் இறக்காமத்துக்கும் சாகாமத்துக்கும் அதே சொல்தான். கூரைக்கு மேல் ஏற்றி வைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கலத்தையும், மோட்டார் சைக்கிளில் பெற்றோல் நிரப்பும் உறுப்பையும், போர்க்களத்தில் ஊர்ந்து வரும் இரும்பு வண்டியையும் அந்த மொழி இதே சொல்லால்தான் குறிக்கிறது. ஓர் ஏக்கர் அடி நீரை, அதாவது ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரை, கொள்வதற்கு ஆயிரம் லீற்றர் கூரைக் கலங்கள் ஏறத்தாழ 1,233 தேவைப்படும். உன்னிச்சைக் குளமோ ஆயிரக்கணக்கான ஏக்கர் அடி கொள்வது. இவ்வளவு தொலைவில் நிற்கும் பொருள்கள் ஒரு சொல்லுக்குள் எப்படிச் சேர்ந்தன என்பதையும், தமிழில் அவற்றை எவ்வாறு பிரித்து வழங்குவது என்பதையும் பார்ப்போம்.

இச்சொல் ஆங்கிலத்தில் பிறந்தது அன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவுக்கு வந்து போன ஆங்கிலேயர்களின் எழுத்துகளில், நீர் சேர்த்து வைக்கும் குளம் என்ற பொருளிலேயே அது இடம்பெறத் தொடங்குகிறது. குசராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் ‘டாங்க்கு’, ‘டாங்க்கே’ ஆகிய சொற்கள் அதன் மூலமாக இருக்கலாம் என்று அகராதிகள் கருதுகின்றன. குளத்தைக் குறிக்கும் ‘தாங்க்கே’ என்ற போர்த்துக்கேயச் சொல்லும் அதனோடு கலந்திருக்க வேண்டும். அச்சொல்லின் வேர், தேங்கிய நீரைக் குறிக்கும் ‘ஸ்தாக்னும்’ என்ற இலத்தீன் சொல்லில் இருப்பதாகச் சிலர் கருதுகிறார்கள். தமிழின் ‘தாங்கி’யிலிருந்தே ஆங்கிலச் சொல் பிறந்தது என்றும், ‘தேங்கு’ என்ற வினையே அதற்கு மூலம் என்றும் சொல்லும் ஆர்வலர்கள் உண்டு. ஒலி ஒத்திருப்பது உண்மைதான். ஆனால் ஒலி ஒப்புமையை மட்டும் வைத்துக்கொண்டு சொற்பிறப்பை நிறுவ முடியாது.

ஆகவே இந்தச் சொல்லின் முதற்பொருள் குளமே. பிற்காலத்தில் பிரித்தானியாவில் அது மூடிய கலம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. இலங்கையிலும் இந்தியாவிலும் வழங்கும் ஆங்கிலமோ பழைய பொருளைக் கைவிடவில்லை. கோயில் தீர்த்தக் குளத்தையும் இங்கு இதே சொல்லால் எழுதுவார்கள். ஆடி அமாவாசையன்று அடியார்கள் நீராடும் அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தம் அப்படித்தான் குறிக்கப்படுகிறது.

தமிழில் இந்தப் பொருளுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. ‘குளம் தொட்டு வளம் பெருக்கி’ என்று கரிகாலனைப் பாடுகிறது பட்டினப்பாலை. தமிழ்நாட்டில் பாசனத்துக்கான பெரிய நீர்நிலையை ஏரி என்றும் அதனிற் சிறியதைக் குளம் என்றும் வேறுபடுத்துவது பெரும்பாலும் வழக்கம். இலங்கையில் அந்த வேறுபாடு இல்லை. எத்தனை பெரிதானாலும் குளம் குளமே. வாகனேரி போன்ற ஊர்ப்பெயர்களில் ஏரி தென்பட்டாலும், அந்த நீர்நிலையை ‘வாகனேரிக் குளம்’ என்றுதான் சொல்கிறோம். குளத்தைச் சுற்றி ஒரு சொற்கூட்டமே இங்கு வாழ்கிறது: கட்டு, துருசு, வான், வாய்க்கால், வட்டை. நீர் நிறைந்து வழிந்தால் ‘குளம் வான் பாய்கிறது’ என்கிறோம்; நீரை அளந்து திறந்துவிடுவது துருசு; அந்த நீர் சென்று சேரும் வயற்பரப்பு வட்டை. ‘டாங்க்’ என்ற சொல்லை எடுத்து வைத்தால் இந்தச் சொற்களில் ஒன்றுகூட அதனோடு ஒட்டாது.

1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை கட்டி உருவாக்கப்பட்ட சேனாநாயக்க சமுத்திரத்தைப் போன்றவற்றுக்கு ‘நீர்த்தேக்கம்’ என்ற சொல் பொருந்தும். ஆனால் அண்மைக்கால அறிக்கைகள் சிலவற்றில் ஊர்க் குளங்களும் நீர்த்தேக்கங்களாக மாறிவருகின்றன. இது வேண்டாத வேலை. ‘சாகாமம் நீர்த்தேக்கம்’ என்று எழுதினால் பொருள் பிழையாகாது. ஆனால் எந்த விவசாயியும் அதை அப்படி அழைப்பதில்லை.

இரண்டாவது பொருளான கலத்துக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. வாய் திறந்திருப்பது தொட்டி: கிணற்றடியில் சீமெந்தால் கட்டியது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, கண்ணாடியில் மீன் வளர்ப்பது. மூடியிருப்பது தாங்கி: நீர்த்தாங்கி, எரிபொருள் தாங்கி. தமிழ்நாட்டில் மூடிய கலத்தையும் தொட்டி என்றே எழுதுகிறார்கள். அங்கே ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி’ என்பது அரசு வழக்கு. நம் பக்கத்து வேறுபாடு பயனுள்ளது, அதைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது. சக்கரத்தின் மேல் ஏறிய தாங்கியை இங்கே ‘பவுசர்’ என்கிறோம். ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகள் உவர்ப்பேறிக் கிடந்த நாட்களில் கரையோரம் முழுவதும் பழகிப்போன சொல் அது.

‘தாங்கி’ என்பது தாங்கு என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்து அமைந்த நல்ல தமிழ்ச் சொல். சுமைதாங்கியும் இடிதாங்கியும் அப்படி அமைந்தவையே. அந்நியச் சொல்லின் ஒலிக்கு அருகில் நின்றுகொண்டு, தமிழ்ப் பொருளையும் தரும் இப்படியொரு இணை அரிதாகவே வாய்க்கும். ஆனால் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. சுமையைத் தாங்குவது என்று விரியும் ‘சுமைதாங்கி’யில் வல்லினம் மிகுவதில்லை. அந்த வழியில் ‘நீர்தாங்கி’ என்று எழுதவேண்டும் என்பார் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் இன்று தாங்கி என்பது கலத்தின் பெயராகவே நிலைத்துவிட்டதால், நீருக்கான தாங்கி என்று விரித்து ‘நீர்த்தாங்கி’ என மிகுத்து எழுதுவதே பொருத்தமென நான் கருதுகிறேன்.

போர் வண்டிக்கு இப்பெயர் வந்த கதை தனி. முதலாம் உலகப்போரின்போது, இங்கிலாந்தின் லிங்கன் நகரில் இந்த வண்டிகள் இரகசியமாகச் செய்யப்பட்டன. வேலை செய்தவர்களும் வெளியாரும் அவற்றை நீர் கொண்டுசெல்லும் கலங்கள் என்று நம்பவேண்டும் என்பதற்காக இடப்பட்ட மறைபெயர் அது. 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சின் சொம் போர்முனையில் அவை முதன்முறையாகக் களமிறங்கின. இரகசியம் உடைந்த பிறகும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் வழங்கும் ‘யுத்த தாங்கி’ இந்த மறைபெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியது. அந்த வண்டி எதையும் தேக்கி வைப்பதில்லை என்பதால் அதனை நல்ல ஆக்கமாகக் கொள்ள இயலவில்லை. ‘கவச வாகனம்’ எனில் பீரங்கியில்லாத வண்டிகளும் அதில் அடங்கிவிடும். ‘பீரங்கி வண்டி’ பொருளை நேரே காட்டுகிறது. பெயரொலி வேண்டுமென்போர் ‘டாங்கி’ என்று எழுதலாம்.

ஆய்வறிஞர் அமைப்புகளைக் குறிக்கும் ‘திங்க் டாங்க்’ என்ற தொடரில் இச்சொல் வந்தால் ‘சிந்தனைக் குழாம்’ போதும். ‘டாங்க் டாப்’ என்னும் கையில்லாத மேற்சட்டையின் பெயரிலும் இது வருகிறது. அமெரிக்காவில் நீச்சல்குளத்தை ஒரு காலத்தில் இச்சொல்லால் அழைத்ததும், அங்கே அணிந்த நீச்சலுடையின் சாயலில் அச்சட்டை அமைந்ததும் அதற்குக் காரணம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். இலங்கை வாசகருக்காக எழுதுகையில் ‘உன்னிச்சை டாங்க்’ என்பதில் குழப்பம் இல்லை. பிரித்தானியாவிலோ கனடாவிலோ இருப்பவர் அதைப் படித்தால் இரும்புக் கலமொன்றையே எண்ணிக்கொள்வார். அவருக்கு எழுதும்போது, முதல் இடத்திலேயே அது மண்ணணையால் நீர் தேக்கிய பாசனக் குளம் என்று ஒரு வரியில் விளக்கிவிட்டு, பிறகு இச்சொல்லைத் தொடரலாம். அல்லது ‘குளம்’ என்பதையே பெயரின் பகுதியாக வைத்து ஒலிபெயர்த்து எழுதலாம்.