ட்ரியாஜ்: முன்னுரிமைப் பகுப்பு

அவசர மருத்துவப் பணிக்காக ஆங்கிலம் படிப்பவர்களைத் தொடக்கத்திலேயே தடுமாற வைக்கும் சொற்களில் ஒன்று இது. எழுத்தைப் பார்த்து 'ட்ரையேஜ்' என்று படித்துவிடுகிறார்கள். 'ட்ரீயாஜ்' என்பதே சரி. சொல் பிரெஞ்சிலிருந்து வந்ததால், கடைசி ஒலி நம் 'ஜ'வை விட மென்மையாக வரும்.

ஒரே நேரத்தில் பலர் காயப்பட்டோ நோயுற்றோ வரும்போது, யாருக்கு முதலில் சிகிச்சை, யார் சற்றுக் காத்திருக்கலாம் என்று பார்த்துப் பிரிப்பதுதான் ட்ரியாஜ். வந்த வரிசை இங்கே செல்லாது.

'ட்ரி' என்றால் மூன்று; அவசரத்துக்கேற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டை தந்து மூன்றாகப் பிரிப்பதால் இந்தப் பெயர் என்று சிலர் விளக்குவார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் தவறான விளக்கம். வேர், பொறுக்கிப் பிரிப்பதைக் குறிக்கும் 'ட்ரியே' என்ற பிரெஞ்சு வினை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கம்பளியைத் தரவாரியாகப் பிரிப்பதற்கு இந்தச் சொல் வழங்கியது. பிறகு, பிரித்தபின் மிஞ்சும் உடைந்த காபிக்கொட்டைக்கும் இதுவே பெயரானது. மனிதர்களைப் பிரிக்கும் பொருளில் ஆங்கில மருத்துவத்துக்குள் நுழைந்தது முதல் உலகப் போர்க் காலத்தில்தான்.

முறை அதற்கும் முந்தையது. நெப்போலியனின் படை மருத்துவரான டொமினிக் ழான் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை தர வேண்டும் என்று வலியுறுத்தினார். தளபதியின் சிறு காயத்தை விடச் சிப்பாயின் பெருங்காயம் முந்த வேண்டும் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சலான பேச்சு!

இந்தச் சொல்லோடு சேர்ந்து வருபவற்றையும் கற்க வேண்டும். 'இமீடியட்' சிவப்பு: உடனே கவனித்தால் உயிர் தப்பும். 'டிலேய்ட்' மஞ்சள். அகராதிப்படி 'தாமதமானவர்' என்று பொருள் கொண்டால் குழப்பம்தான். கடுமையான காயம், ஆனால் சற்றுக் காத்திருக்க முடியும் என்று பொருள். 'வாக்கிங் வூண்டட்' என்பவர் எழுந்து நடக்கக்கூடிய காயமுற்றவர், அவருக்குப் பச்சை. மிகவும் கவனிக்க வேண்டியது 'எக்ஸ்பெக்டன்ட்'. கர்ப்பிணியைக் குறிக்கும் சொல்லாகவே இதைப் பாடத்தில் படித்திருப்போம். போர்க்கள ட்ரியாஜில் இதன் பொருள் நேர்மாறு: கையிலுள்ள வசதியைக் கொண்டு காப்பாற்ற முடியாதவர், இறப்பு எதிர்பார்க்கப்படுபவர். ஒரே சொல் இரண்டு முனைகளிலும் நிற்பதால், இடமறிந்து பொருள் கொள்ளாவிட்டால் ஆபத்து.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தரம் பிரித்தல்' மூலப் பொருளுக்கு மிக நெருக்கம். ஆனால் பண்டத்துக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்தாது. உயிர்களில் ஏது தரம்? 'வகைப்படுத்தல்' என்பதில் அவசரமே இல்லை, நூலகத்திலும் அதைத்தான் செய்கிறார்கள். 'தெரிவு' நல்ல பழஞ்சொல்தான். ஆனால் சிலரைத் தேர்ந்து மற்றவரை விட்டுவிடுவது போல ஒலிக்கிறது. ட்ரியாஜில் யாரும் விடப்படுவதில்லை, ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் குறிக்கப்படுகிறது. அதனால் 'முன்னுரிமைப் பகுப்பு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. நீளம் என்றால், முதல் முறை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் 'பகுப்பு' என்று சுருக்கலாம். ட்ரியாஜ் நர்ஸைப் 'பகுப்புச் செவிலியர்' என்று இயல்பாகவே சொல்ல முடிகிறது.

கிளைச் சொற்களும் இதிலிருந்து எளிதாகப் பிறக்கின்றன. தேவைக்கு மேல் அவசரமாகக் குறிப்பது 'ஓவர்ட்ரியாஜ்', மிகைப்பகுப்பு. அவசரத்தைக் குறைத்து மதிப்பிடுவது 'அண்டர்ட்ரியாஜ்', குறைப்பகுப்பு. இரண்டில் உயிருக்கு நேரடி ஆபத்து பின்னதில்தான். காத்திருப்பவரின் நிலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மீண்டும் மீண்டும் பார்ப்பது 'ரீட்ரியாஜ்', மறுபகுப்பு. மஞ்சள் அட்டை பெற்றவர் சிறிது நேரத்தில் சிவப்புக்கு மாறலாம்.