பேட்டரி: ஒன்றா, பலவா?

மின்கம்பி எட்டாத குடிலில் சூரிய மின்சாரம் வைத்திருப்பவர்கள் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்துசேர்வார்கள்: முதலில் விளக்குக்கு மட்டும் வைத்த அமைப்பு, இப்போது ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் என்று வந்தபிறகு போதவில்லை. உடனே, "மின்கலத்தைக் கூட்ட வேண்டும்" என்பார்கள். எதைக் கூட்டுவது? கூரைமேல் இருப்பதையா, உள்ளே பெட்டிக்குள் இருப்பதையா?

இந்தக் கேள்வி வீம்புக்குக் கேட்பது அல்ல. கூரைத் தகட்டை உற்றுப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு சூரிய மின்கலம். வெயில் பட்டால் மின்சாரம் தரும், ஒரு துளியைக்கூடச் சேர்த்துவைக்காது. உள்ளே சேர்த்துவைக்கும் பேட்டரிப் பெட்டியையும் நாம் மின்கலம் என்றே சொல்லிவிடுகிறோம். நேர்மாறான வேலை செய்யும் இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் என்றால் குழப்பம் வரத்தான் செய்யும்.

பேட்டரி என்ற சொல்லின் வேர் 'அடித்தல்'. அடி என்று பொருள்படும் லத்தீன் வினை பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கோட்டைச் சுவரை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு அந்தப் பெயர் வந்தது. ராணுவத்தில் பீரங்கிப் பிரிவுக்கு இன்றும் அதே பெயர்தான். மின்சாரத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1749இல் எழுதிய ஒரு கடிதத்தில், 11 கண்ணாடிப் பலகைகளை ஈயத் தகடுகளோடு இணைத்து மின்னேற்றிய தன் கருவியை 'மின் பேட்டரி' என்று குறிப்பிட்டார். ஆக, பேட்டரி என்பது பிறக்கும்போதே ஒரு கூட்டத்தின் பெயர். தனி ஒன்றுக்கு அது பொருந்தாது.

1800இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்டா செய்தது இன்னும் சுவையானது. துத்தநாக வட்டு, வெள்ளி வட்டு, நடுவே உப்புநீரில் நனைத்த துணி. மறுபடி துத்தநாகம், வெள்ளி, துணி. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனார். பிரெஞ்சில் அதற்கு வைத்த பெயருக்கு 'அடுக்கு' என்றே பொருள். டார்ச்சில் போடும் சின்ன பேட்டரியைக்கூட பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

இப்போது நம் பாடநூல் சொல்லைப் பாருங்கள்: தனி ஒன்று மின்கலம், பல சேர்ந்தால் மின்கல அடுக்கு. வோல்டாவின் வட்டுக் கோபுரத்தை நேரில் பார்த்துவிட்டுப் பெயர் வைத்ததுபோல இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் இதுவும் ஒன்று. 'கலம்' நம்மிடம் பழைய சொல். பாத்திரமும் கலம், கப்பலும் கலம், நெல் அளப்பதும் கலம். எதையாவது கொள்வது, தாங்குவது என்ற கருத்து அதற்குள் இருக்கிறது. அமிலமும் ஈயத் தகடும் நிறைந்த பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

மறுபடி மறுபடி மின்னேற்றக்கூடியதற்குத் தனிப்பெயரே உண்டு: சேமக்கலம். 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய அமில வகைதான் இதில் மூத்தது. சேமம் என்றால் பாதுகாப்பு, பத்திரப்படுத்தல். சேமிப்பு, சேமநிதி எல்லாம் அந்தக் குடும்பம்தான். குடிலுக்குள் இருப்பதைச் சேமக்கலம் என்று சொல்லிவிட்டால் கூரைமேல் இருப்பதோடு குழம்பவே குழம்பாது.

சரி, அடுக்கு என்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? அமைப்பைப் பெரிதாக்கும்போது நடக்கும் தவறுகளில் பல, அடுக்கை ஒற்றைப் பொருளாக நினைப்பதால் வருகின்றன. நான்கு 12 வோல்ட் ஈய அமிலப் பெட்டிகளைத் தொடராக, அதாவது ஒன்றன் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு கோத்து, இணைத்த 48 வோல்ட் அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓய்வில் இருக்கும்போது மொத்தமாக அளந்தால் மீட்டர் 50.1 காட்டுகிறது. நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அப்புறம் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள்: 12.7, 12.7, 12.7, 12.0. மூன்று நிறைந்திருக்க, நான்காவது முக்கால்வாசி காலி. நான்கிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால், மின்னேற்றும்போது நிறைந்த மூன்றும் அளவுக்கு மீறி ஏறிப் பொங்கும், நான்காவது அரைவயிற்றோடு நிற்கும். இரவில் முதலில் கைவிடுவதும் அதுதான். கெட்டதை மட்டும் மாற்றிப் புதிதாக ஒன்று வைப்பதும் நல்லதல்ல; பழசும் புதுசும் ஒரே தொடரில் ஒத்துப்போகாது.

உள்ளே போனால் அந்தப் பெட்டியும் ஓர் அடுக்குதான். மேலே ஆறு மூடிகள் இருப்பது, உள்ளே 2 வோல்ட் கலங்கள் ஆறு இருப்பதால். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் ஒரு கலம் 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8, பதினாறு சேர்ந்தால் 51.2. அதில் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு) என்ற சிறு மின்னணுப் பலகை ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகக் கண்காணிப்பது, மொத்த வோல்ட் எண்ணை நம்பக் கூடாது என்பதற்காகத்தான்.

ஆங்கிலத்தில் பேட்டரி என்பது மெல்லத் தனிப்பெட்டிக்கே பெயராகிவிட்டதால், பல பெட்டிகளைச் சேர்த்துச் சொல்ல 'பேட்டரி பேங்க்' என்று இன்னொரு சொல்லை ஒட்டவேண்டி வந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரு பெட்டி சேமக்கலம், எல்லாம் சேர்ந்தால் சேமக்கல அடுக்கு. பேச்சில் பேட்டரி என்றே இருக்கட்டும், யாருக்கும் அதில் நட்டமில்லை. வரைபடத்திலும் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டிலும் மட்டும் பிரித்து எழுதுங்கள்: "சேமக்கலம்: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. அடுக்கு: தொடராக நான்கு, 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி." தொடரில் வோல்ட்தான் கூடும், ஆம்பியர்-மணி (எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்ற அளவு) அதே 100தான், 400 ஆகாது.