செப்பேட்டின் வளையத்தை அறுக்காதீர்கள்

பழைய செப்புப் பொருள்களைப் பராமரிப்பது என் வேலை. ஒருமுறை ஒரு குடும்பத்தினர் செப்பேடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதாவது அரசாணை பொறித்த செப்புத் தகடுகள். புளி போட்டுத் தேய்த்ததில் புதுக் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. தகடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் கயல் மீன்கள் இருந்த இடத்தில் மழுங்கிய இரண்டு மேடுகள்தான் மிச்சம். "அழுக்கைத்தானே சார் எடுத்தோம்?" என்றார் பெரியவர்.

அது அழுக்கில்லை. மண்ணுக்குள் கிடக்கும் செம்பில் முதலில் செந்நிறப் படலம் ஒன்று உருவாகும், அதன்மேல் பச்சை ஏறும். மீனின் செதில், புலியின் காது போன்ற நுணுக்கங்கள் பல நேரம் அந்தப் படலத்துக்குள்தான் பத்திரமாக இருக்கும். புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்துவிடும். வெளிர்பச்சையில் பொடி உதிர்ந்தால் மட்டும் கதை வேறு. அது செம்பை அரிக்கும் நோய். அப்போதும் தேய்க்காமல், ஈரம் படாமல் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சோழர் முத்திரையை நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? இன்று பேனர்களில் வாயைப் பிளந்து பாயும் புலி அதில் இல்லை. புலி அமைதியாக உட்கார்ந்திருக்கும். முன்னால் இரண்டு கயல், கூடவே ஒரு வில், மேலே குடை, இரு பக்கமும் சாமரம். பாண்டியனும் சேரனும் என் குடைக்குக் கீழே என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் சொல்லியிருக்கிறார்கள். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் விளிம்பைச் சுற்றி கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருத வாசகமும் உண்டு. கயலைத் தேய்த்துவிட்டால் புலி மட்டும் நிற்கும். சொன்ன சேதி போய்விடும்.

அதைவிட எனக்கு வயிற்றைக் கலக்குவது அறுத்த வளையம். திருவாலங்காட்டுத் தொகுதியில் 31 ஏடுகள். எல்லாவற்றிலும் துளையிட்டு, ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளையும் முத்திரைக்குள் சேர்த்து இறுக்கிவிடுவார்கள். யாரும் ஓர் ஏட்டை உருவவோ, போலி ஏட்டைச் செருகவோ கூடாது என்பதற்கான பூட்டு அது. அதனால்தான் செப்பேட்டைப் படிக்க உட்காரும் கல்வெட்டறிஞர்கள், தங்களிடம் வந்தபோது வளையம் அறுபட்டிருந்ததா இல்லையா என்பதையும் குறித்துவைப்பார்கள். புரட்டிப் பார்க்க வசதி என்று ரம்பத்தை எடுத்துவிட்டால் அந்தச் சாட்சியம் அதோடு சரி, திரும்ப ஒட்டினாலும் வராது.

கல்லில் இருக்கும் சின்னம் இன்னும் ஏமாற்றும். இணைக்கயலைக் கண்டதும் "பாண்டியர் கட்டியது" என்று படம் போட்டுவிடுகிறார்கள். திருகோணமலைக் கோட்டை வாசலிலும் இணைக்கயல் இருக்கிறது. கோட்டையோ 1620களில் போர்த்துக்கீசியர் எழுப்பியது! இடித்த கோயிலின் கல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. சின்னத்தோடு கல் எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

அப்புறம், சட்டம். நிலத்தில் புதைந்து கிடைக்கும் எந்தப் பொருளும் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அந்தக் காலத்து 10 ரூபாய்தான், இருந்தாலும் எந்தச் செப்பேடு இன்று அதற்குள் அடங்கும்?

தெரிவிக்கும்வரை படம் எடுக்க ஆசையாக இருந்தால் தண்ணீரும் வேண்டாம், துணியும் வேண்டாம். இருட்டான அறையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். பச்சை படிந்த முத்திரையிலேயே புலியின் வால் எழுந்து தெரியும்.